பொன் வேய்ந்த தோல்: நகலெடுத்தல் பற்றிச் சில குறிப்புகள்

ஒரே காரியத்துக்குத் தமிழில் இரண்டு சொற்கள் இருக்கின்றன. செப்புத் தகட்டின் மேல் தங்கத்தை ஏற்றிக் கோயில் விமானத்தில் பொருத்தினால் அது 'பொன் வேய்தல்'. பித்தளைச் சங்கிலியின் மேல் ஏற்றிக் கழுத்தில் போட்டுக்கொண்டால் அது 'முலாம்', கடைத்தெருப் பேச்சில் 'கவரிங்'. தில்லையில் பொன் வேய்ந்தவன் என்று முதலாம் பராந்தகனுக்குப் பட்டமே உண்டு. கவரிங் நகைக்குப் பேர்போன ஊரும் அதே சிதம்பரம்தான். ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் கோயில் விமானம் பொன் வேயப்பட்டு 2016இல் குடமுழுக்கு நடந்தது. அண்ணாந்து பார்த்த யாரும் அதைக் கவரிங் என்று சொல்லவில்லை, சொல்லவும் மாட்டார்கள். மேலே தங்கம், கீழே மலிவான உலோகம் என்கிற அமைப்பு இரண்டிலும் ஒன்றுதான். தடிமனும் மாற்றும் கூடக்குறைய இருக்கலாம். ஆனால் ஒன்றைப் புனிதமாகவும் மற்றதைப் போலியாகவும் ஆக்குவது உலோகம் அல்ல. அது எங்கே இருக்கிறது, யார் மேல் இருக்கிறது என்பதுதான்.

இதை மனதில் வைத்துக்கொண்டு நமக்குச் சம்பந்தமே இல்லாததுபோலத் தோன்றும் ஒரு பொருளைப் பார்க்கலாம். ஐரோப்பிய மாளிகைகளில் 16, 17ஆம் நூற்றாண்டுகளில் சுவர்களைத் தோலால் போர்த்தினார்கள். சும்மா தோல் அல்ல, பொன்னிறமாக மின்னும், பூவும் கொடியும் பறவையுமாகப் புடைத்து நிற்கும் தோல். ஜெர்மனியில் டிரெஸ்டன் அருகே மோரிட்ஸ்பர்க் கோட்டையில் அறை அறையாக இன்றும் இருக்கிறது. இங்கிலாந்தின் டன்ஸ்டர் கோட்டையில் கிளியோபாத்ரா கதையே தோல்மேல் தீட்டப்பட்டுத் தொங்குகிறது. சாப்பாட்டு அறைகளுக்கு இதை விரும்பினார்கள். துணித்திரைபோல உணவு வாடையை இது பிடித்துவைத்துக்கொள்ளாது என்பது அவர்கள் சொன்ன காரணம். பல இடங்களில் இவை சிதைந்துவிட்டன. சிதைந்த பகுதிக்கு ஈடாகப் பழைய முறையிலேயே புதிதாகச் செய்து பொருத்துகிற கைவினைக்காரர்கள் ஒருசிலர் இப்போதும் இருக்கிறார்கள். பழைய கூடத்தை அதன் பழைய தோற்றத்தில் மீட்க வேண்டும் என்று மாளிகைக்காரர்களும் அருங்காட்சியகங்களும் அவர்களைக் கூப்பிடுகின்றன.

எதை மீட்கிறார்கள் என்பதில்தான் சிக்கல். ஏனென்றால் அந்தப் 'பொன் தோலில்' பெரும்பாலும் பொன்னே கிடையாது.

செய்முறையைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். கன்று, செம்மறி, வெள்ளாடு இவற்றின் தோலை மரப்பட்டை, இலை போன்ற தாவரச் சாற்றில் பதனிடுவார்கள். பிறகு ஈரத்தில் ஊறவைத்து, அடித்துப் பதமாக்கி, நீள்சதுரமாக நறுக்குவார்கள். ஓர் ஆட்டுத்தோலிலிருந்து கிடைக்கக்கூடிய சதுரம் எவ்வளவோ அதுதான் சுவரின் அலகு. ஆகவே அந்த மாளிகைச் சுவரின் கட்டங்களை வகுத்தவர் கட்டடக்காரர் அல்ல, ஆடு. நறுக்கிய தோலின் மேல் வச்சிரம் தடவுவார்கள். தோல் சீவலைக் கொதிக்கவைத்து இறக்கிய பசை, அதாவது தோலை ஒட்டத் தோலேதான். அதன்மேல் வெள்ளி ரேக்கு. விரல் பட்டாலே கிழியும் மெல்லிய ரேக்கை வரிசை வரிசையாக ஒட்டி, காய்ந்ததும் வழுவழுப்பான கல்லால் தேய்த்து மெருகேற்றி, முட்டை வெள்ளைக்கருவைப் பூசுவார்கள். இதுவரை அது வெள்ளித்தோல்தான்.

பொன் இதற்குப் பிறகு வருகிறது, அதுவும் எண்ணெயிலிருந்து. ஆளிவிதை எண்ணெயில் பைன் மரப் பிசினும் கரியபோளமும் சேர்த்துக் காய்ச்சினால் தேன் நிறத்தில் ஒரு வார்னிஷ் கிடைக்கும். கரியபோளம் என்றால் வேறொன்றும் இல்லை, நம்ம கற்றாழைச் சாற்றை இறுக்கியது, நாட்டுமருந்துக் கடையில் கிடைப்பது. இந்த மஞ்சள் வார்னிஷைக் கையாலேயே வெள்ளியின் மேல் பரப்பி, வெயிலில் காயவைத்து, மறுபடி பரப்புவார்கள். வெளிச்சம் மஞ்சளுக்குள் புகுந்து வெள்ளியில் பட்டுத் திரும்பும்போது கண்ணுக்குத் தங்கம் தெரிகிறது. வெள்ளி காற்றுப்பட்டுக் கறுத்துப் போகாமல் காப்பதும் அதே வார்னிஷ். ஏமாற்றுகிற பூச்சே காப்பாற்றுகிற பூச்சாகவும் இருக்கிறது. அதைச் சுரண்டி 'உண்மையை' வெளியே எடுத்தால் உண்மை கறுத்துவிடும்.

வடக்கு ஆப்பிரிக்காவின் கதாமெஸ் என்னும் பாலைவன ஊரின் பெயரிலிருந்துதான் ஸ்பானியர்கள் இதற்குக் 'குவாதமெசி' என்று பெயர் வைத்தார்கள் என்பார்கள். முஸ்லிம் ஆட்சிக்காலத்துக் கோர்தோபாவில் வளர்ந்த வேலை இது. பிறகு வெனிஸ், மெக்கெலன், ஆம்ஸ்டர்டாம் என்று வடக்கே போயிற்று. 1628இல் தி ஹேக் நகரத்தில் யாக்கோப் டிர்க்ஸ் த ஸ்வார்ட் என்பவர் மர அச்சில் தோலை அழுத்திப் புடைப்பு உருவங்கள் எடுக்கும் முறைக்கு உரிமம் பெற்றார். அதுவரை கையால் ஒவ்வொரு புள்ளியாகத் தட்டி எடுத்தது, அதற்குப் பிறகு அச்சில் அழுத்தினால் வந்தது. அச்சு என்ற சொல் தமிழில் வெல்லத்துக்கும் புத்தகத்துக்கும் பொது என்பதை இங்கே நினைத்துக்கொள்ளலாம். எந்திர மறுஉற்பத்தியில் கலைப்படைப்பின் ஒளிவட்டம் மங்கிப்போவது பற்றி வால்டர் பெஞ்சமின் 1930களில் எழுதியதை நம் சிற்றிதழ்கள் எத்தனையோ முறை மேற்கோள் காட்டியாகிவிட்டது. ஆனால் இந்தத் தோலுக்கு ஒளிவட்டம் வந்ததே மறுஉற்பத்திக்குப் பிறகுதான். ஒரே பூ நூறு கட்டங்களில் திரும்பத் திரும்ப வந்து சுவரை நிறைக்கும்போதுதான் அது பிரபுவின் சுவர். ஒற்றைப் பூ வெறும் தோல்துண்டு. 'அசல்' என்று ஒன்று இங்கே எங்கேயும் இல்லை. அச்சு மரக்கட்டையில் இருக்கிறது, அதுவும் குழிவாக, தலைகீழாக.

டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்கள் இந்தத் தோலை ஜப்பானிய ஆட்சியாளர்களுக்குப் பரிசாகக் கொண்டுபோனார்கள். அங்கே அது சுவருக்குப் போகவில்லை. சிறு துண்டுகளாக நறுக்கிப் புகையிலைப் பை தைத்தார்கள். அப்புறம் தோலைப் போன்ற காகிதத்தைத் தாங்களே செய்ய ஆரம்பித்தார்கள். 17ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஈசே என்னும் புனிதத்தலத்துக்குப் போகும் வழியில் எண்ணெய் ஏற்றிய காகிதத்தில் தோல்மாதிரிப் பைகள் விற்றன. யாத்திரிகர்கள் விரும்பி வாங்கினார்கள். காரணம் கேட்டால் நமக்கு வியப்பாக இருக்காது. தோல் தீட்டு, கோயிலுக்குத் தோல் ஆகாது. தோலின் தோற்றம் வேண்டும், தோல் வேண்டாம். ஜப்பானில் தோல் வேலை செய்தவர்கள் ஊருக்கு வெளியே ஒதுக்கிவைக்கப்பட்ட சாதியினர். 1871இல் சட்டப்படி அந்த ஒதுக்கலை நீக்கினார்கள், ஆனால் புராகுமின் என்ற பெயரில் அதன் வடு இன்றுவரை நீடிக்கிறது. நகல் என்பதைக் குறிகளின் விளையாட்டு என்று மட்டும் வாசிக்கிற கோட்பாட்டாளர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். ஒரு நகல் பிறப்பதற்குத் தீண்டாமையும் காரணமாக இருக்க முடியும்.

அந்தக் காகிதம் 1870களில் பெரிய வடிவத்தில் சுவர்க்காகிதமாகி ஐரோப்பாவுக்கு ஏற்றுமதியானது. 1873 வியன்னா கண்காட்சியில் அதைக் கண்டு மெச்சினார்கள். அதன் பெயர் 'கிங்கரகவகமி', பொன் - அயல்நாட்டு - தோல் - காகிதம். கனத்த காகிதத்தின் மேல் தகர ரேக்கு ஒட்டி, பூவேலை செதுக்கிய உருளைக்கட்டையில் சுற்றி, தூரிகையால் தட்டித்தட்டிப் புடைப்பு எடுத்து, அரக்குப் பூச்சால் பொன்னாக்குவார்கள். ஐரோப்பாவிலிருந்து போன போலி, இன்னொரு போலியாகி, ஐரோப்பிய மாளிகைகளுக்கே திரும்பிப் போனது. 20ஆம் நூற்றாண்டின் நடுவில் அதுவும் அழிந்தது. 1980களில் ஒத்தாரு நகரத்தில் 1906இல் கட்டிய பழைய கப்பல் கம்பெனிக் கட்டடத்தைப் புதுப்பிக்கும்போது அந்தக் காகிதம் தேவைப்பட்டது. செய்யத் தெரிந்த ஆள் இல்லை. தகாஷி உயேதா என்பவர் மிஞ்சியிருந்த உருளைகளையும் துண்டுகளையும் வைத்துச் செய்துசெய்து பார்த்து அந்த முறையை மீட்டார். தங்கத்தைப் போன்ற வெள்ளி, வெள்ளித்தோலைப் போன்ற தகரக் காகிதம், அந்தக் காகிதத்தைப் போன்ற இன்றைய காகிதம். இந்த வரிசையில் எதை அசல் என்று சொல்வது? ஆனாலும் உயேதாவின் கட்டைத்தட்டலைப் போலி என்று சொல்ல நாக்கு வரவில்லை. போலியைச் செய்வதிலும் ஒரு மெய்யான வேலை இருக்கிறது. வேலைதான் அங்கே அசல்.

இப்போது நம்மூர்ப் பக்கம் வரலாம். பொன் தோலை மறுபடி செய்ய விரும்புகிறவருக்கு முதலில் வேண்டியது தாவரப் பதனீட்டுத் தோல். குரோமியம் ஏற்றிய தோல் மெத்தென்று இருக்கும், செருப்புக்கு நல்லது. ஆனால் அச்சில் அழுத்திய புடைப்பை அப்படியே பிடித்துவைத்துக்கொள்ளாது. தாவரத்தோல் நினைவாற்றல் உள்ள தோல். தமிழகம் இதற்குத்தான் பேர்போனது. ஆவாரம்பட்டையில் பதனிட்டு, கடுக்காயில் முடித்து, திண்டுக்கல், திருச்சி, ஈரோடு, பல்லாவரம் என்று பல ஊர்களிலிருந்து 'ஈ.ஐ.' தோலாக லண்டனுக்குக் கப்பலேறியது. ஈ.ஐ. என்றால் கிழக்கிந்தியா. கம்பெனி போய் எத்தனையோ காலமாகியும் அந்தப் பெயரிலேயே இப்போது புவிசார் குறியீடும் வாங்கியிருக்கிறோம்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. லண்டன் நூலகங்களில் 19ஆம் நூற்றாண்டுப் புத்தகங்களின் தோல் அட்டைகள் செம்புழுதியாக உதிர்ந்தபோது, ஏன் என்று ஆராய ஒரு குழு போட்டார்கள். 1901இல் முதலில் வந்து 1905இல் விரிவாக வெளியான அதன் அறிக்கை, தோலில் தங்கிய கந்தக அமிலத்தோடு ஆவாரை போன்ற ஒருவகைப் பட்டைச்சாற்றையும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றியது. சென்னை மாகாணத்து ஆட்டுத்தோல் புத்தகத்துக்கு லாயக்கில்லை என்று தீர்ப்பு. சுமாக் இலையில் பதனிட்டதே நல்லது என்றார்கள். சுவருக்குப் பொன் தோல் செய்கிறவர் 200 வருடம் நிலைக்க வேண்டும் என்று நினைத்தால் இதைக் கணக்கில் எடுத்துக்கொள்ளத்தான் வேண்டும், கடுக்காயின் பங்கைக் கூட்ட வேண்டியிருக்கும். அதே சமயம் இன்னொன்றும் சொல்ல வேண்டும்: பழைய பொன் தோலைக் காப்பாற்றுவதாக நினைத்து 20ஆம் நூற்றாண்டு அருங்காட்சியகத்தார் அதன்மேல் தாராளமாக எண்ணெய் தடவினார்கள், அது கறுத்துப் பிசுபிசுத்துக் கெட்டது. நிபுணர் கைபட்டுக் கெட்டதும் கணிசம்.

ஆவாரந்தோல் குழிகள் குறைந்துபோனதற்கு லண்டன் அறிக்கை காரணமில்லை. 1972இல் சீதாராமையா குழு, அரைகுறையாகப் பதனிட்ட தோலை ஏற்றுமதி செய்யாதே, முழுதாக முடித்த பொருளாக அனுப்பு என்று பரிந்துரைத்தது. அந்நியச் செலாவணிக் கணக்கில் அது சரிதான். அதன் பின்னால் குரோமியம் வேகமாகப் பரவியது. வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டையில் பாலாற்றுக்கு என்ன ஆயிற்று என்பதை 1996இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பே பதிவு செய்திருக்கிறது. ஒரு மாளிகைச் சுவரின் மறுஉருவாக்கம் ஏன் கடினமாகிவிட்டது என்று கேட்டால், 'கைத்திறன் அழிந்துவிட்டது' என்று பொதுவாகப் பெருமூச்சு விடுகிறார்கள். ஏற்றுமதிக் கொள்கையைப் பற்றி யாரும் பெருமூச்சு விடுவதில்லை.

இந்தியாவில் இதற்கு மிக நெருக்கமான வேலை ராஜஸ்தானத்து பிக்கானீரில் இருக்கிறது. ஒட்டகத்தோலை ஈரமாகக் களிமண் அச்சின் மேல் போர்த்தி, காய்ந்தபின் மண்ணைத் தட்டி எடுத்துவிட்டுக் குப்பி செய்வார்கள். அதன்மேல் பசைக்கலவையால் புடைப்புப் பூவேலை, அதன்மேல் தங்க ரேக்கு. செய்கிறவர்கள் உஸ்தா என்னும் முஸ்லிம் கைவினைஞர்கள். இதே கைகள் ஜூனாகர் கோட்டையின் அனூப் மகால் சுவர்களிலும் பொன்வேலை செய்தன. தோலுக்குச் செய்ததைச் சுவருக்கும் செய்தார்கள், ஆனால் தோலைச் சுவரில் ஒட்டவில்லை. ஹிசாமுதீன் உஸ்தாவுக்கு 1986இல் பத்மஸ்ரீ கிடைத்தது. 2023இல் உஸ்தா கலைக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. செய்தவன் பெயரே கலையின் பெயராக நின்றுவிட்ட அபூர்வமான இடம் இது. நம் தஞ்சாவூர் ஓவியத்திலும் சுக்கான் மாவைக் குழைத்துப் புடைப்பெடுத்துத் தங்க ரேக்கு ஒட்டுவதுண்டு. அதை வரைந்தவர்களில் ராஜுக்கள் முக்கியமானவர்கள். (ராஜபாளையத்து ராஜுக்கள் வேறு, பெயர் ஒற்றுமையை வைத்து யாராவது கட்டுரை எழுதிவிடப் போகிறார்கள்.) ஆனால் அங்கே அடியில் இருப்பது பலகை, தோல் இல்லை.

தமிழ் மாளிகைச் சுவரில் தோல் ஏன் ஏறவில்லை? வெக்கை, பூச்சி என்று சொல்லிவிடலாம். ஸ்பெயினிலும் வெக்கை உண்டு. இங்கே சுவரைப் போர்த்தவில்லை, சுவரையே மெருகேற்றினார்கள். சென்னைச் சுண்ணாம்பு பற்றி ஐசக் பைக் என்ற ஆங்கிலேயர் 1730களில் லண்டன் அறிவியல் இதழில் எழுதிய குறிப்பில் வெல்லம், தயிர், நெய், முட்டை வெள்ளைக்கரு எல்லாம் வருகின்றன. கோர்தோபாவில் வெள்ளி ரேக்குக்கு மேல் போன வெள்ளைக்கரு இங்கே சுண்ணாம்புக்குள் போயிருக்கிறது. 1636இல் கட்டிய மதுரை திருமலை நாயக்கர் மகாலின் பளபளப்பு அந்தச் சுதைதான். ஸ்ரீவில்லிபுத்தூரிலும் நாயக்கர் பெயரில் ஒரு மகால் நிற்கிறது, மதுரையை விடச் சிறியது. இரண்டிலும் பிற்காலத்தில் பல வருடங்கள் நீதிமன்றம் நடந்தது. மதுரை மகாலை ஆளுநர் நேப்பியர் காலத்தில், அதாவது 1866க்கும் 1872க்கும் இடையில், சிசோம் புதுப்பிக்கத் தொடங்கினார். அதனால் நாம் இன்று 'நாயக்கர் கலை' என்று அண்ணாந்து பார்ப்பதில் எவ்வளவு நாயக்கர், எவ்வளவு சிசோம் என்று பிரிப்பது சுலபமில்லை. போத்ரியார் 1976இல் எழுதிய நூலில் போலியின் முதல் கட்டத்துக்கு உதாரணமாகக் காட்டுவது ஐரோப்பியச் சுதை வேலையைத்தான்: கல், மரம், துணி எல்லாவற்றையும் ஒரே பொருளில் வார்த்துவிடும் ஆசை. சரி. ஆனால் சுதையைக் குழைத்தவரை அவர் பார்க்கவில்லை. அவருடைய கோட்பாட்டில் குறி இருக்கிறது, கொத்தனார் இல்லை.

தோல் ஏறாததற்கு முக்கியமான காரணம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். செருப்பை வாசலில் விடுகிற வீட்டில் சுவர் முழுக்கத் தோலா! சுவரில் தோல் என்றால் அதைத் தொட்டவரும் உள்ளே வந்தாக வேண்டும். ஆணியடிக்க, தைக்க, பழுது பார்க்க. தோல் உள்ளே போன இடங்களில் எல்லாம் செய்தவரை வெளியே நிறுத்த ஓர் ஏற்பாடு இருந்திருக்கிறது. மிருதங்கத்தின் தோல் சபா மேடைக்குப் போகும், கோயிலுக்குள்ளும் போகும்; அதை மூட்டிக்கொடுத்தவர் பெயர் போகாது. டி.எம். கிருஷ்ணாவின் 'செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்' 2020இல் வந்த பிறகுதான் அந்தப் பெயர்களில் சில பொதுப்பேச்சுக்கு வந்தன.

இந்தக் கரிசல்காட்டில் தோல்வேலை என்றால் கமலைதான். கிணற்றிலிருந்து மாடு பூட்டி இறைக்கும் கூனையின் அடியில் நீளமாகத் தொங்கும் தோல்வால். தண்ணீரை வாய்க்காலில் கொட்டுவது அது. அதைத் தைத்தவர்கள் அருந்ததியர்கள். அறுப்புக் களத்தில் அவர்களுக்குத் தானியம் அளந்தார்கள். மின்சார மோட்டார் வந்தது, கமலை போனது, தோல்வாலோடு களத்துக் கூலியும் போனது. தைத்த கைக்கு நகராட்சித் துடைப்பம் வந்தது. ராஜபாளையத்தில் மில்லுக்குச் சொந்தக்காரர்களான ராஜுக்கள் வீட்டில் பேசுவது தெலுங்கு; அருந்ததியர்களில் பலர் வீட்டில் பேசுவதும் தெலுங்கு. விஜயநகரத்துப் பெயர்வு ஒருவரைப் பற்றிய வரலாறாகவும் மற்றவரைப் பற்றிய மௌனமாகவும் நமக்குக் கிடைத்திருக்கிறது. 2009இல் வந்த 3 சதவீத உள்ஒதுக்கீடு அந்த மௌனத்தில் விழுந்த ஒரு கீறல், அவ்வளவுதான்.

தோலை வெளிச்சத்தோடு சேர்த்த ஒரு கலை தெற்கே உண்டு, தோல்பாவைக்கூத்து. ஆட்டுத்தோலைப் பதனிடாமல் சுரண்டிச் சுரண்டி மெலிதாக்கி, சாயமேற்றி, துளையிட்டு, விளக்கின் முன்னால் பிடிக்கிறார்கள். ஐரோப்பியத் தோல் வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பித் தான் தங்கம் என்று சொல்லிக்கொள்ளும். பாவைத்தோல் வெளிச்சத்தை உள்ளே விட்டுத் தான் தோல் என்பதை மறைக்காமல் ராமனாக நிற்கும். இரண்டில் எது அழகு என்று கேட்டால் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் பாவையைச் சுவரில் மாட்டிக் கண்ணாடி போட்டுவிட்டால் அது செத்துப்போகும், பின்னால் விளக்கு வேண்டும்.

பொன் தோல் ஒரேயடியாக நம்மூருக்கு வரவில்லை என்றும் சொல்ல முடியாது. ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் போகிற ரோட்டில் முகூர்த்த நாளில் எந்தக் கல்யாண மண்டபத்திலும் நுழைந்து பாருங்கள். மேடைக்குப் பின்னால் பொன்னிறப் பஞ்சணைச் சுவர், பித்தான் வைத்துத் தைத்த கட்டங்கள், முன்னால் ராஜா நாற்காலி. எல்லாம் ரெக்சின், பைபர், ஸ்ப்ரே பெயின்ட். போட்டோவில் மின்ன வேண்டும் என்பது ஒன்றுதான் நிபந்தனை. ரெக்சின் தோலின் நகல், அந்தப் பொன் நிறம் வார்னிஷின் நகல், அந்தக் கட்டம் ஆடு வகுத்த கட்டத்தின் நகல், ஆனால் ஆட்டைத்தான் காணோம். மேட்டிமை ரசனைக்காரர்கள் இதைப் பார்த்து முகம் சுளிப்பதுண்டு. நான் சுளிக்கத் தயாரில்லை. மோரிட்ஸ்பர்க்கில் பிரபு செய்ததும் இதே காரியம்தான், அவர் கையில் காசு கூட இருந்தது. ரெக்சினில் இன்னொரு சௌகரியமும் இருக்கிறது. அந்த ராஜா நாற்காலியில் யார் வேண்டுமானாலும் வாடகை கொடுத்து உட்காரலாம், தோல் எந்தச் சாதி கையில் பதனானது என்ற கேள்வியே எழாது. ஈசே யாத்திரிகனின் காகிதப் பையும் அந்தக் கேள்வியை எழாமல் செய்தது. ஒன்று கேள்வியைத் தாண்டிப் போகிறது, மற்றது கேள்வியை ஒளித்துவைக்கிறது. எது எப்போது எதுவாகிறது என்பதை அந்தந்த மண்டபத்தில், யாருக்கு வாடகைக்குக் கொடுக்கிறார்கள், யாருக்குக் கொடுக்க மறுக்கிறார்கள் என்று பார்த்துத்தான் சொல்ல முடியும்.

ஒரு பேச்சுக்கு, ஒரே ஒரு பொன் தோல் கட்டம் இங்கேயே செய்வதானால் சாமான்களுக்குப் பஞ்சமில்லை. தோல் திண்டுக்கல்லிலிருந்து வரும். வெள்ளி ரேக்கு மதுரையில் கிடைக்கும். கரியபோளம் நாட்டுமருந்துக் கடையில். அச்சுக்கட்டை செதுக்கத் தேர்வேலைத் தச்சர் இருக்கிறார், குழிவாகச் செதுக்க வேண்டும் என்று சொல்லிவிட்டால் போதும். வார்னிஷ் காயத் தேவையான வெயிலை ஐரோப்பியப் பட்டறைக்காரன் கோடைக்காகக் காத்திருந்து பெற்றான். இங்கே சித்திரையில் ஒரு பகலில் கிடைக்கும், அதிகமாகக் காய்ந்து வெடித்துவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். 1762இல் பிரெஞ்சு அறிவியல் கழகம் இந்தச் செய்முறையைப் படங்களோடு புத்தகமாகவே போட்டுவிட்டது; எழுதியவர் பெயர் அட்டையில் இருக்கிறது, செய்துகாட்டிய பட்டறைக்காரர்கள் படத்தில் மட்டும் குனிந்து நிற்கிறார்கள். இங்கே செய்யும்போது கட்டத்தின் பின்பக்கத்தில், வச்சிரம் படாத சதைப்புறத்தில், பெயர் எழுத இடம் இருக்கும். தோலுரித்தவர், பதனிட்டவர், ரேக்கு ஒட்டியவர், கட்டை செதுக்கியவர் என்று நாலு பெயர் எழுதலாம். சுவரில் ஏற்றியபின் அது தெரியாது, கழற்றிப் பார்க்கிறவருக்குத்தான் தெரியும்.